அரசின்றி வாழ்தல் கூடுமோ? ஒரு கோப்பிக்கடை வாதம்

அராஜகம் என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு இனிய சொல் அன்று. ஓர் ஊரிலே களவு மிகுந்து, வழிப்பறி மலிந்து, கேட்பார் இல்லாத நிலை தோன்றினால் அங்கே அராஜகம் தலைவிரித்தாடுகின்றது என்று பத்திரிகைகள் எழுதும். ஆசிரியர் வராத வகுப்பில் எழும் கூச்சலுக்கும் அதே பெயரைச் சூட்டிவிடுவர். சொல்லின் நேர்ப்பொருளோ அரசன் இல்லாமை என்பது மாத்திரமே. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லும் கிரேக்க மொழியிலிருந்து பிறந்தது. அதற்கும் ஆள்வோர் இல்லாமை என்பதே பொருள். ஆள்வோர் இல்லையெனின் ஒழுங்கும் இல்லையாகும் என்பது இரு நாகரிகங்களும் ஆராயாமலே ஒப்புக்கொண்ட முடிபு போலும். வான்மீகி இராமாயணத்திலே, தசரதன் உயிர் நீத்தபின் அயோத்தியிற் கூடிய முனிவர்கள், அரசனில்லாத நாட்டில் மழை பொழியாது, வயலில் வித்து விழாது, மகன் தந்தைக்கு அடங்கான் என்று அடுக்கிக் கூறுகின்றனர். அரசிலாக் கொள்கைக்கு எதிராக இன்று தேநீர்க்கடையிலும் திண்ணையிலும் எழும் ஆட்சேபங்களுட் பெரும்பாலானவை அந்தச் சபையிலேயே எழுந்துவிட்டன. மழையைப் பற்றிய ஆட்சேபம் ஒன்றைத்தான் இக்காலத்தார் கைவிட்டனர்.

இச்சொல்லுக்கு இன்னொரு கறையும் உண்டு. பிரித்தானிய ஆட்சியாளர் இந்தியாவிலே வெடிகுண்டும் துப்பாக்கியும் ஏந்திய தேசியவாதிகளை அராஜகவாதிகள் என்றே அழைத்தனர். ரௌலட் சட்டம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும் 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பெயரே அராஜக, புரட்சிக் குற்றங்கள் பற்றிய சட்டம் என்பதாகும். அவ்விளைஞர்களுட் பெரும்பாலோர் அரசே வேண்டாம் என்றவர் அல்லர். அந்நியர் அரசை நீக்கித் தம்மவர் அரசை நிறுவ விழைந்தவர். அரசிலாக் கொள்கையை உண்மையாகவே தழுவிய ஒருவரைக் காணவேண்டுமாயின் சென்னையிற் பிறந்த எம். பி. டி. ஆச்சாரியாரை நோக்கவேண்டும். பாரதியாரின் "இந்தியா" பத்திரிகையோடு தொடர்பு பூண்டிருந்த அவர், ஐரோப்பா சென்று, பொதுவுடைமையாளரோடு சேர்ந்து, பின் அவர்களோடும் முரண்பட்டு, 1920களில் பெர்லின் நகரிலே இக்கொள்கையராயினார். 1954 இல் பம்பாயில் அவர் இறந்தபோது அவரை அறிந்தோர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே.

கொள்கைதான் யாது? ஆங்கிலேயரான வில்லியம் கொட்வின் 1793 இலும், பிரெஞ்சுக்காரரான புரூதோன் 1840 இலும், அவர்களுக்குப்பின் ருஷ்யரான பக்கூனினும் குரொப்பொத்கினும் எழுதியவற்றைச் சுருக்கின் இவ்வளவே எஞ்சும்: மனிதர் கூடி வாழ்வதற்கு ஒழுங்கு வேண்டும்; அவ்வொழுங்கு தடியும் சிறையும் கொண்டு மேலிருந்து இறக்கப்பட வேண்டியதில்லை; உடன்படிக்கையாலும் ஒத்துழைப்பாலும் கீழிருந்தே எழல் கூடும். ஆகவே, ஒழுங்கை வெறுப்பவர் என்று இவர்களைப் பழிப்பது வழக்கை விசாரியாமலே தீர்ப்பெழுதுவதாகும். ஒழுங்கு எங்கிருந்து வருகின்றது என்பதே பிணக்கு.

இப்பிணக்கைச் சாதாரண மனிதரின் பேச்சு மொழியிலேயே எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. அவர் எரிக்கோ மலத்தெஸ்தா என்னும் இத்தாலியர். 1853 இல் நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையில் நிலச்சொந்தக்காரர் குடும்பத்திற் பிறந்து, மருத்துவக் கல்வியை இடையிலே விட்டு, மின்சாரத் தொழிலாளியாகக் கைவேலை செய்து பிழைத்தவர். 1877 இல் தோழர் சிலரோடு மலைக்கிராமங்களுட் புகுந்து வரிப்பதிவேடுகளைத் தீக்கிரையாக்கினார். 1884 இல் நேப்பிள்ஸில் வாந்திபேதி பரவியபோது, தம்மேல் வழக்கு நிலுவையில் இருக்கவும், அங்கு சென்று நோயாளருக்குப் பணிவிடை செய்தார். அவ்வாண்டிலேயே இரு குடியானவர் உரையாடுவதாக ஒரு சிறு நூலை வெளியிட்டார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

அதனிலும் சுவையானது அவருடைய கோப்பிக்கடை உரையாடல். 1897 இல் அவர் இலண்டனிலிருந்து இரகசியமாகத் திரும்பி, அத்திரியாதிக் கடற்கரையிலுள்ள அங்கோனா நகரில் மறைந்திருந்து ஒரு வாரப் பத்திரிகையை நடத்திவந்தார். அக்காலத்தில் ஒரு கோப்பிக்கடைக்குச் செல்வது அவர் வழக்கம். அக்கடை அவருடைய கட்சிக்காரர் கூடும் இடமன்று. பலதரப்பட்டோரும் வந்துபோகும் இடம். பொலிஸ் அதிகாரி ஒருவரும் அங்கே வாடிக்கையாளராம். தம்மைத் தேடும் துறையைச் சேர்ந்தவர் அருகிலிருந்து கோப்பி அருந்த, அரசு வேண்டுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருப்பதற்கு ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். அப்பேச்சுகளையே உரையாடல்களாக்கிப் பத்திரிகையில் எழுதினார். பத்து உரையாடல்கள் வெளிவந்தபின் வேலை நின்றது. 1913 இல் நான்கு எழுதினார்; அதுவும் நின்றது. எஞ்சிய மூன்றையும் 1920 இல் எழுதி முடித்தார். 1922 இலேயே முழு நூலாயிற்று. பதினேழு சிறு உரையாடல்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகள்! எழுத்தாளரின் சோம்பல் அன்று காரணம். சிறையும் நாடுகடத்தலுமே காரணம்.

நூலிலே ஜோர்ஜியோ என்பவன் அரசிலாக் கொள்கையன். அவனை எதிர்ப்போர் புரொஸ்பெரோ என்னும் செல்வர், அம்புரோஜியோ என்னும் நீதவான், செசாரே என்னும் கடைக்காரர், குடியரசை விரும்பும் இளைஞன் வின்சென்சோ, சமவுடைமைக் கட்சியினனான லுயீஜி முதலியோர். எதிரிகளை மூடராகக் காட்டி எளிதில் வெல்லும் சிறுமை இந்நூலில் அதிகம் இல்லை. நீதவான் சிறப்பாகவே வாதாடுகின்றார். செல்வரோ கோபங் கொள்கின்றார், அதுவும் இயல்பே.

முதல் ஆட்சேபம் எங்கும் ஒன்றே: "மனிதன் இயல்பிலே தன்னலக்காரன், தடியில்லாவிடின் ஒருவரையொருவர் கடித்துத் தின்பர்." இதற்கு இக்கொள்கையர் அனைவரும் தரும் விடையும் ஒன்றே: மனிதர் இத்துணைத் தீயராயின், அவருட் சிலரைத் தெரிந்து அவர் கையில் மட்டும் தடியைக் கொடுப்பது எவ்வாறு தகும்? ஆள்வோர் வானிலிருந்து இறங்கியவரா? கேட்பதற்கு இது வாயடைக்கும் விடை. எனினும் பாதி விடையே. தனியொருவன் கொடுங்கோலை எதிர்த்து இது நன்றாகப் பாயும். ஆள்வோரும் தீயராகலாம் என்று அஞ்சியே அதிகாரத்தைப் பிரித்தும், தேர்தல் வைத்தும், நீதிமன்றத்தைத் தனித்து நிறுத்தியும் அமைத்த ஆட்சியின்மேல் அது அவ்வளவு ஆழமாகப் பாயாது. ஜோர்ஜியோவின் மறுமொழி, அவ்வாட்சியிலும் நிலமும் தொழிற்சாலையும் யார் கையில் உள்ளனவோ அவர் கையிலேயே சட்டமும் இருக்கின்றது என்பது. குடியரசு வந்தால் யாவும் தீரும் என்ற வின்சென்சோவுக்கு அவன் காட்டும் சான்று பிரான்ஸும் அமெரிக்காவும்: அங்கே முடியில்லை, வறுமை போயிற்றா? 1897 இல் இவ்வினாவுக்கு விடை கூறுதல் வின்சென்சோவுக்கு எளிதாயிருந்திராது. பின்வந்த காலத்தில் வாக்குரிமையின் வழியாகவே முதியோர்க்கு ஓய்வூதியமும், பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், நோயாளருக்கு மருத்துவமும் பல நாடுகளில் வந்துள்ளன. மலத்தெஸ்தா எதிர்பாராத ஒன்று இது.

இரண்டாவது ஆட்சேபம் வேலைகளைப் பற்றியது. அரசில்லையேல் புகையிரதம் எவ்வாறு ஓடும், கடிதம் எவ்வாறு போய்ச் சேரும் என்பர். இதற்குத் தக்க சான்றுகளைத் திரட்டியவர் குரொப்பொத்கின். 1892 இல் வெளிவந்த நூலில் அவர் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தை எடுத்துக்காட்டினார். 1824 இல் தொடங்கிய அச்சங்கம் மக்கள் மனமுவந்து அளித்த பொருளாலும், தாமாக முன்வந்த கடலோடிகளாலும் நடைபெற்றது. புயலிலே பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைப்போரை எச்சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வண்டிகள் பல கம்பெனிகளின் பாதைகளைக் கடந்து சென்றன. அவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு புகையிரத அரசன் இருந்ததில்லை. கம்பெனிகள் கூடிப் பேசி நேரவட்டவணை வகுத்தன.

வானொலி கேட்போருக்கு இன்னும் அண்மையிலுள்ள ஒரு சான்றையும் கூறலாம். ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் ஒலிபரப்பினால் இரண்டும் கேளா. உலகத்து நாடுகள் 1906 இல் பெர்லினிற் கூடியதுமுதல், மாநாடுகளிலே பேசி அலைவரிசைகளைப் பங்கிட்டுவந்துள்ளன. மீறுவோரைப் பிடித்து அடைக்க உலகப் பொலிஸ் ஒன்று இல்லை. மீறல்கள் நிகழ்ந்ததுண்டு, ஆயினும் பங்கீடு பெரும்பாலும் நிலைத்தது. மொழியையும் நோக்குக. தமிழை இவ்வாறே பேசுக என்று ஆணையிட்டவர் எவர்? இலக்கண ஆசிரியர்கள் பின்னால் வந்து எழுதிவைத்தவர்களே.

இச்சான்றுகள் மெய், ஆனால் அவற்றின் எல்லையும் மெய். படகு கவிழ வேண்டும் என்று படகிலுள்ள எவரும் விரும்புவதில்லை. அலைவரிசைகள் மோதினால் இருவர்க்கும் நட்டம். இருவர்க்கும் நட்டமான இடத்தில் உடன்படிக்கை எளிது. ஒருவன் இழப்பே மற்றவன் ஆதாயமாகும் எல்லை வேலிப் பிணக்கிலும், வரட்சிக் காலத்து வாய்க்கால் நீரிலும் நிலை வேறு. பேச்சிலே படகைக் காட்டி வேலியையும் வென்றுவிட்டதாக எண்ணுதல் இக்கொள்கையரிற் சிலருக்குள்ள வழக்கம். மலத்தெஸ்தாவுக்கு அவ்வழக்கம் குறைவு. குரொப்பொத்கின் எல்லாவற்றையும் மிக இலகுவாகக் கண்டுவிட்டார் என்று அவரே தம் முதுமையில் எழுதியுள்ளார்.

மலசல கூடத்தை யார் துப்புரவு செய்வார், சுரங்கத்துள் யார் இறங்குவார் என்பது அடுத்து வரும் வினா. இவ்வினாவைத் தொடுப்போர் தாம் எதனை ஒப்புக்கொள்கின்றனர் என்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. வேறு வழியற்ற ஒரு கூட்டத்தார் இருந்தாலன்றி அவ்வேலை நடவாது என்பதே அவர்கள் கூற்றின் உட்பொருள். தமிழர் சமுதாயம் அதனைப் பிறப்பின் பெயரால் ஒரு சாதியின் தலையிற் சுமத்தியது; ஐரோப்பியர் பசியின் பெயராற் சுமத்தினர். அருவருப்பான வேலையை எல்லாரும் முறைவைத்துச் செய்தால், அதனை இலகுவாக்கும் பொறியும் விரைவில் தோன்றும் என்பது இக்கொள்கையர் விடை. செல்வரும் முறைக்கு வரவேண்டிய நாளில் கால்வாய்த் திட்டம் எத்துணை வேகமாக நிறைவேறும் என்று எண்ணிப்பார்ப்பின், இவ்விடை வெறுங் கனவு அன்று என்பது தெரியும்.

சோம்பேறிகளைப் பற்றிய கேள்வியும் உண்டு; அதற்கு விடையும் சுருக்கமே. வேலை செய்யாது உண்போர் இன்றும் உளர். அவர்களுட் சிலர் மிகவும் மதிக்கப்படுகின்றனர்.

நீதவான் அம்புரோஜியோ தொடுக்கும் வினாவே எல்லாவற்றிலும் கடியது. கொலைஞனை என் செய்வீர்? திருடுதல் வறுமையினால் என்று கொள்க. வெறியினாலும் பொறாமையினாலும் கொல்பவனைச் சொத்துப் பகிர்வு திருத்துமா? ஜோர்ஜியோ இங்கே நழுவவில்லை. குற்றங்களுட் பெரும்பகுதி சமுதாய அமைப்பின் விளைவே என்றும், அமைப்பு மாறின் அப்பகுதி குறையும் என்றும் கூறிவிட்டு, எஞ்சுவோர் இருப்பர் என்பதை ஒப்புக்கொள்கின்றான். அவர்களை நோயாளராகக் கருதி, பிறருக்குத் தீங்கு செய்யாவண்ணம் தடுக்கவேண்டும்; அவ்வேலையை அவ்விடத்து மக்களே செய்யவேண்டும்; அதனைப் பிழைப்பாகக் கொண்ட ஒரு நிரந்தரக் கூட்டத்தை மட்டும் உண்டாக்கலாகாது என்கின்றான். குற்றவாளியால் வரும் தீங்கிலும், குற்றத்தைத் தேடிப் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டோரால் வரும் தீங்கு பெரிது என்பது அவன் அச்சம்.

இவ்வச்சத்திற்கு இருபதாம் நூற்றாண்டு நிறையச் சான்று தந்தது. ஆயினும் நீதவானுடைய வினா அதனால் மறைந்துவிடவில்லை. அவ்விடத்து மக்கள் என்போர் யார்? கூடிநின்ற ஊரார் ஒருவனைக் கள்வன் என்று பிடித்து மரத்திற் கட்டும்போது அவன் குற்றமற்றவனாயின், அவன் யாரிடம் முறையிடுவான்? எழுதிய சட்டமும், இருதரப்பையும் கேட்கும் மன்றும், மேன்முறையீடும் ஆள்வோருடைய கருவிகள் மாத்திரம் அல்ல. தனித்து நிற்பவனுடைய கேடயமுமாம். இதற்குக் கோப்பிக்கடை உரையாடலில் நிறைவான விடை இல்லை. இக்கொள்கையரே பொறுப்பேற்க நேர்ந்த ஓரிடத்தில் நிகழ்ந்ததும் இதனை உறுதிப்படுத்தும். 1936 ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டின் குடியரசு அமைச்சரவையில் அவர்களுள் நால்வர் சேர்ந்தனர். பலமுறை சிறை கண்ட குவான் கார்சியா ஒலிவேர் நீதி அமைச்சரானார். கைதிகளுக்கென உழைப்பு முகாம்கள் அமைக்கும் திட்டம் அவர் காலத்திலேயே வந்தது.

ஸ்பெயினைப் பற்றிக் கூறும்போது மறுபக்கத்தையும் கூறல் நேர்மை. 1936 ஜூலை மாதத்தில் இராணுவக் கலகம் பார்சலோனாவில் முறியடிக்கப்பட்டபோது, நகரின் திராம் வண்டிகளைத் தொழிற்சங்கத்தார் தாமே பொறுப்பேற்றனர். தெருச்சண்டை ஓய்ந்து சில நாள்களுக்குள் வண்டிகள் மீண்டும் ஓடின. மேலதிகாரி இல்லையேல் வண்டி நகராது என்ற ஆட்சேபத்திற்கு அந்நகரத்தார் வண்டியிலேறியே விடை கண்டனர். அரசில்லா நாட்டைப் பகைவர் படையெடுத்தால் யார் காப்பார் என்பாருக்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. சல்யூட் இல்லாமலும், அதிகாரிக்கும் போர்வீரனுக்கும் ஒரே சம்பளத்தோடும் நின்ற தொண்டர் படைகளை ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓவல் தாமே அத்தகைய ஒரு படையில் நின்று கண்டு, 1938 இல் நூலாக எழுதினார். அப்படைகள் வீரத்தோடு பொருதன; பின்னர் அவை ஒழுங்குமுறை இராணுவத்துட் சேர்க்கப்பட்டன; 1939 ஜனவரியில் பார்சலோனா வீழ்ந்தது. அவற்றிடம் கட்டுப்பாடு இல்லாமையால் வீழ்ந்தது என்பாரும், ஆயுதம் இல்லாமையால் வீழ்ந்தது என்பாரும் உளர். ஜெர்மனியும் இத்தாலியும் பகைவருக்குத் துணைநின்றதை மறந்து கூறும் எத்தீர்ப்பும் குறையுடையதே. அந்நாள்களில் குடியரசுப் பகுதியிலே ஆயிரக்கணக்கான குருமாரும் துறவியரும் கொல்லப்பட்டனர் என்பதையும், அக்கொலைகளில் இக்கொள்கையர் பலருக்குப் பங்கிருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

இங்கேதான் யாவருடைய நாவிலும் முதலில் எழும் ஆட்சேபத்திற்கு வரவேண்டியிருக்கின்றது: இவர்கள் குண்டெறிவோர் அல்லரோ? குற்றச்சாட்டு காற்றில் எழுந்ததன்று. 1894 இல் பிரான்ஸின் ஜனாதிபதி கார்னோவையும், 1898 இல் ஒஸ்திரியப் பேரரசி எலிசபெத்தையும், 1900 இல் இத்தாலிய அரசர் உம்பேர்ட்டோவையும் கொன்றோர் தம்மை இக்கொள்கையர் என்றே கூறிக்கொண்டனர். அரசுகள் நடத்திய போர்களில் இறந்தோர் தொகையோடு ஒப்பிட்டால் இவை அணுவளவு என்று விடையிறுப்போர் உளர். கணக்குச் சரி, ஆனால் பேரரசி எலிசபெத் எப்போரையும் நடத்தியவர் அல்லர். மலத்தெஸ்தா அத்தகைய கணக்கில் ஒளிந்துகொள்ளவில்லை. கொடுமையை எதிர்க்கப் பலாத்காரம் சிலவேளை வேண்டியிருக்கும் என்பது அவர் நிலை. காந்தியடிகளின் நிலை அன்று அது. ஆனால் பழிவாங்கலையும், வழியிற் போவோரைக் கொல்லும் வெறியையும் அவர் பல ஆண்டுகளாகக் கண்டித்தே எழுதினார்.

அந்நிலைக்கு 1921 இல் ஒரு சோதனை வந்தது. முந்திய ஆண்டு ஒக்டோபரிற் கைது செய்யப்பட்ட அவரை, மிலான் நகரச் சிறையிலே விசாரணையின்றி மாதக்கணக்கில் வைத்திருந்தனர். வயது அறுபத்தேழு. வழக்கை எடுங்கள் என்று கோரி, மார்ச் மாதத்தில் அவரும் தோழர் இருவரும் உண்ணாநோன்பு தொடங்கினர். அவர் இறந்துபோவார் என்ற அச்சம் வெளியே பரவிற்று. மார்ச் 23 ஆந் திகதி இரவு, மிலானின் தியானா நாடக மண்டபத்தருகே குண்டு வெடித்தது. இருபது பேர்வரையில் மாண்டனர், காயமுற்றோர் பலர். மாண்டவர்கள் இசைநாடகம் காணச் சென்றவர்களும் வாத்தியக்காரரும். குண்டு வைத்தோர் மலத்தெஸ்தாவின் பொருட்டு ஆத்திரமுற்ற இக்கொள்கையரே.

செய்தி சிறைக்குள் எட்டியதும் அவர் நோன்பைக் கைவிட்டார். வாழ்நாளெல்லாம் கோப்பிக்கடைகளிலும் குடியானவர் முற்றங்களிலும் இருந்து அவர் சொல்லிவந்த விடை, அன்று ஓர் இரவில் அவர் பெயராலேயே பொய்யாக்கப்பட்டது. பாசிசக் கூட்டத்தார் அதனைச் சாட்டாக வைத்துத் தொழிலாளர் பத்திரிகைகளின் அலுவலகங்களைத் தாக்கினர். ஜூலை மாதத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டபோது யூரிமார் அவரை விடுதலை செய்தனர். அடுத்த ஆண்டு முசோலினி ஆட்சிக்கு வந்தார். கோப்பிக்கடை உரையாடல் நூலாக வெளிவந்ததும் அந்த 1922 இலேயே.

மலத்தெஸ்தா உரோமாபுரியில் மீண்டும் மின்சார வேலையோடு வாழ்ந்து, 1924 முதல் ஒரு சஞ்சிகையை நடத்தினார். 1926 இல் அது தடுக்கப்பட்டது. அன்றுதொட்டு 1932 ஜூலை 22 இல் இறக்கும்வரை, அவர் வீட்டு வாயிலில் பொலிசார் காவலிருந்தனர். அவரைச் சிறையிலிடவில்லை, எவரும் அவரோடு பேசாதபடி மட்டும் பார்த்துக்கொண்டனர். வீட்டுக்கு வந்துபோவோர் விசாரிக்கப்பட்டனர். தெருவில் அவரை வணங்கியவரும் தப்பவில்லை. நீதவானும் கடைக்காரரும் செல்வரும் அவரோடு ஒரே மேசையிலிருந்து மறுத்துப் பேசிய கோப்பிக்கடை, அவருக்கு அதன்பின் வாய்க்கவில்லை.